பசை காயும் நேரம்

என் மனைவி இறந்த அன்று மதியம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதற்கான சாட்சி இருநூறு பேருடைய போனில் இருக்கிறது. மணி, நிமிடத்தோடு இருக்கிறது. அவர்களுக்கு அது சாட்சி என்று தெரியாது. என் மகளுக்கும் மூன்று மாதம் தெரியாமல்தான் இருந்தது.

எப்படி அந்த இருநூறு பேரோடு போய்ச் சேர்ந்தேன் என்பதிலிருந்து சொல்ல வேண்டும். மலைமேல் இருக்கிற எங்கள் ஊர் வாழவந்தி நாடு. அங்கே எங்கள் காட்டில் ஒரு சில்வர் ஓக் மரம் காற்றில் விழுந்தது. மிளகுக்கொடி ஏறுவதற்காக வைத்த மரம். கொடியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுந்தது. அறுப்பதற்காக மலைக்குக் கீழே காளப்பநாயக்கன்பட்டி மில்லுக்குக் கொண்டுபோனேன். மில்காரர் மரத்தைக் காலால் உருட்டிப் பார்த்துவிட்டு, இது தக்காளிப் பெட்டிக்குத்தான் ஆகும் என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. காலால் உருட்டியதற்கா, தக்காளிப் பெட்டி என்றதற்கா என்று இப்போதும் தெரியவில்லை. பலகையாக அறுத்துக் கொடுங்கள் என்று சொல்லி, அறுத்ததை அப்படியே வண்டியேற்றி மலைக்கே திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த ஆளுக்குப் பதில் சொல்வதற்காகத்தான் ஐம்பத்தைந்து வயதில் ஓர் இழைப்புளி வாங்கினேன். இதைவிடப் பெரிய காரணம் ஏதும் இல்லை.

இழைப்புளி மரத்தைச் சீவவில்லை, பிராண்டியது. தகட்டைத் தீட்டுவது எப்படி என்று போனில் தேடப் போய், ஒரு வீடியோவுக்கு அடியில் கிடந்த இணைப்பைத் தொட்டேன். பொழுதுபோக்காக மரவேலை செய்கிறவர்களின் குழு அது. உள்ளே விடுவதற்கு முன் நாலைந்து கேள்விகள் கேட்டார்கள். எந்த ஊர், என்ன தொழில் என்பதெல்லாம் சரி. கடைசிக் கேள்வி, மரவேலையில் உங்களுக்கு வருமானம் உண்டா என்பது. உண்டென்றால் சேர்க்க மாட்டார்களாம். வருமானம் இல்லை, வீட்டில் வசவு மட்டும் உண்டு என்று எழுதினேன். அரை மணி நேரத்தில் சேர்த்துக்கொண்டார்கள். கோயம்புத்தூரில் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர்தான் குழுத் தலைவர். அவர் எனக்கு 'மலைக்காரர்' என்று பெயர் வைத்தார். அதற்குப் பிறகு யாரும் என் சொந்தப் பெயரைக் கேட்கவில்லை.

குழுவில் ஒரு சட்டம் இருந்தது. எதையாவது செய்து முடித்துப் படம் போட்டால், அதற்குக் கீழே 'தப்பு' என்று எழுதி, செய்த தப்பை ஒரே வரியில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் தலைவர் வந்து, தப்பு எங்கேங்க என்று கேட்பார். தப்பே இல்லை என்று யாராவது எழுதிவிட்டால் போச்சு, ஆளாளுக்குப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துப் பிய்த்து எடுத்துவிடுவார்கள். சட்டத்தில் இரண்டாவது பாதியும் உண்டு. தப்பை மட்டும்தான் எழுதலாம், காரணம் எழுதக் கூடாது. மரம் ஈரமாக இருந்தது, மின்சாரம் போய்விட்டது, மச்சான் வந்து பேச்சுக் கொடுத்தான் என்று எதையும் எழுதக் கூடாது. காரணம் எழுதினால் அதைத் தலைவர் அழித்துவிட்டுத் தப்பை மட்டும் விட்டுவைப்பார். ஆரம்பத்தில் இது எனக்கு எரிச்சலாக இருந்தது. காரணம் இல்லாமல் ஒரு தப்பைச் சொல்லும்போது வாய்க்குள் ஏதோ மிச்சம் இருப்பது போலவே இருக்கும்.

என் மனைவிக்கு மரவேலை பிடிக்கவில்லை, ஆனால் இந்தச் சட்டம் ரொம்பப் பிடித்துவிட்டது. சாயங்காலம் அடுப்பில் உலையை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, இன்றைக்கு யார் என்ன தப்புச் செய்தார்கள் என்று கேட்பாள். நான் ஒவ்வொன்றாக வாசிப்பேன். திருநெல்வேலியில் பல் டாக்டர் அம்மா ஒருவர் இருந்தார். நாற்காலியின் நான்கு காலையும் சரியாக அளந்து, அறுக்கும்போது ஒன்றை மட்டும் இரண்டு தடவை அறுத்துவிட்டவர். பல்லில் செய்கிற தப்பை எழுத முடியாது, இதையாவது எழுதிக்கொள்கிறேன் என்று அவர் போட்டதைக் கேட்டு, என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு அவளே அந்தப் பாணியைப் பிடித்துக்கொண்டாள். குழம்பை என் முன்னால் வைத்துவிட்டு, "தப்பு, உப்புப் போடல. காரணம் சொல்ல மாட்டேன்" என்பாள். எனக்கு ஆசாரியார் என்று பட்டம். ஏனுங்க ஆசாரியாரே என்று அவள் கூப்பிட்டால் சோறு தயார் என்று அர்த்தம்.

அந்த மாதம் குழுவில் எல்லோருக்கும் ஒரே வேலை கொடுத்திருந்தார்கள். ஆணி இல்லாமல் அறுகோணப் பெட்டி செய்ய வேண்டும். ஆறு பலகைத் துண்டுகளின் ஓரங்களைச் சாய்வாகச் சீவி, பசை தடவி, வட்டமாகச் சேர்த்து இறுக்க வேண்டும். கேட்க எளிது. ஒவ்வொரு சீவலிலும் ஒரு முடியளவு பிசகினால் போதும். ஐந்து ஜாயிண்ட் அடக்கமாக மூடிக்கொள்ளும், எல்லாப் பிசகும் சேர்ந்து ஆறாவதில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். இந்தப் பெட்டியில் என்ன வைக்கப் போகிறீர்கள் என்று அவள் கேட்டாள். மிளகு என்றேன். மிளகுக்குத்தான் சாக்கு இருக்கிறதே என்றாள். அவள் சொன்னது சரிதான். அந்தப் பெட்டி யாருக்கும் தேவைப்படவில்லை.

மதியம் இரண்டரை மணி இருக்கும். வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட கொட்டகையில் ஆறு துண்டுகளுக்கும் பசை தடவிவிட்டேன். வெள்ளைப் பசை, தடவிப் பத்து நிமிடத்துக்குள் சேர்த்து இறுக்கிவிட வேண்டும். என்னிடம் கிளாம்ப் கிடையாது. பழைய சைக்கிள் டியூபை வாராக வெட்டி வைத்திருந்தேன், அதைச் சுற்றித்தான் இறுக்குவேன். முதல் வாரைக் கையில் எடுக்கும்போது அவள் கொட்டகை வாசலில் வந்து நின்றாள். குச்சிக்கிழங்குக் காட்டிலிருந்து வந்திருந்தாள், கையில் மண் இருந்தது.

"ஏனுங்க, தாடை வலிக்குது. முதுகெல்லாம் இழுக்குது" என்றாள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. வாயுவாக இருக்கும், சீரகத் தண்ணி போட்டுக் குடி, பசை போட்டுவிட்டேன், முடித்துவிட்டு வருகிறேன் என்றேன். சரி, முடிச்சுட்டு வாங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஆறாவது ஜாயிண்ட் மூடவில்லை. ஐந்தும் மூடி, ஆறாவது ஒரு தீக்குச்சி நுழையும் அளவுக்குத் திறந்து நின்றது. அங்கேயே விட்டுவிட்டு எழுந்திருக்கலாம். கூலிக்குச் செய்கிற ஆசாரி எழுந்து போயிருப்பார். அவருக்கு மரம் மரம்தான், வேறு துண்டு அறுத்துக்கொள்வார். எனக்கு மனம் வரவில்லை. வாரை அவிழ்த்தேன், பசையைத் துடைத்தேன், இரண்டு ஓரங்களை மறுபடி இழைத்தேன், மறுபடி பசை தடவி மறுபடி இறுக்கினேன். ஈரத்துணியால் வழிந்த பசையைத் துடைத்துவிட்டு, ஒட்டியாச்சு என்று எழுதிக் குழுவில் படம் போட்டேன். மூன்று மணி பன்னிரண்டு நிமிடம். நான்கைந்து பேர் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்கள். ஒரு நிமிடம் நின்று அதையும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.

கட்டிலில் அவள் நனைந்து கிடந்தாள். வேர்வை. பக்கத்து வீட்டுக்காரர் ஜீப்பை எடுத்தார். அவளால் பேச முடிந்தது; தாடை வலிக்குது என்று அவரிடமும் ஒருமுறை சொன்னாள். செம்மேட்டு ஆஸ்பத்திரியில் பார்த்து ஊசி போட்டு உடனே ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். எழுபது வளைவு இறங்க வேண்டும். நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எந்த வளைவில் போனாள் என்று எனக்குத் தெரியாது. அடிவாரத்தில், காரவள்ளியில் வண்டி நின்றபோதுதான் கூட வந்தவர் சொன்னார்.

என் மகள் சேலத்தில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். இதய நோயாளிகள் வார்டில் வேலை. டியூட்டி நேரத்தில் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும் என்பது அங்கே விதி. அன்று அவள் அம்மா இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறாள், கட்டிலில் படுத்துக்கொண்டு. மகள் அதை நாலரை மணிக்குத்தான் பார்த்தாள். அடக்கம் முடிந்த மறுநாள் ஜீப்காரர், தாடை வலி என்று சொன்னதை அவளிடம் சொல்லிவிட்டார். நேராக என்னிடம் வந்தாள்.

"அம்மா உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாங்களாப்பா?"

"ஒண்ணும் சொல்லல கண்ணு. திடீர்னு படுத்துட்டா."

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாயில் வந்தது, சொன்னேன். ஆனால் அடுத்த நிமிடம் திருத்தியிருக்கலாம், அடுத்த நாள் திருத்தியிருக்கலாம். அவள் பாட்டுக்கு அழுதுகொண்டே சொன்னாள்: பெண்களுக்கு இப்படித்தான் வரும், நெஞ்சு வலிக்காது, தாடையும் முதுகும்தான் வலிக்கும், இதைத்தான் நான் தினமும் வார்டில் பார்க்கிறேன், ஒரு தடவை போனை எடுத்திருந்தால் அம்மா முதல் வார்த்தை சொன்னதுமே எனக்குத் தெரிந்திருக்கும் என்று. நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அழுகிற பிள்ளையின் தலையில் கையை வைத்தேன். கையை வைத்ததாக ஞாபகம் இருக்கிறது. மனதில் ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு மூன்று மாதம் எனக்கு எதுவும் தெரியவில்லை. துக்கம் என்றால் நெஞ்சை அடைக்கும், சோறு இறங்காது என்பார்கள். எனக்குச் சோறு இறங்கியது. தூக்கம் வந்தது. காரியத்துக்கு வந்தவர்கள், ஆள் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கிறான் என்று என் காதுபடவே பேசினார்கள். கொதிக்கிற டீயைக் குடித்து நாக்கு வெந்துபோனதை மறுநாள்தான் கவனித்தேன். மிளகு பறித்தேன், காய வைத்தேன், ரேஷன் கடைக்குப் போய்வந்தேன். மற்ற நேரமெல்லாம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குழுவில் யாரோ ஸ்டூல் செய்தார், யாரோ புத்தக அலமாரி செய்தார். ஒவ்வொருவருடைய தப்பையும் வாசித்தேன். என் வீட்டுத் துக்கத்துக்கு யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பல் டாக்டர் அம்மாவின் அலமாரிக் கதவு எந்தப் பக்கம் உரசியது என்று கேட்டால் சொல்வேன்.

அவர்களிடம் நான் எதுவும் சொல்லவில்லை. வாரத்துக்கு ஒருமுறை தலைவர், மலைக்காரரே அறுகோணம் என்னாச்சு என்று கேட்பார். பசை காய்ந்துகொண்டிருக்கிறது என்று எழுதுவேன். எல்லோரும் சிரிப்பார்கள். பசை ஒரே நாளில் காய்ந்துவிடும். பெட்டி கொட்டகையில் டியூப் வாரோடு அப்படியே கிடந்தது, நான் அந்தப் பக்கம் போகவில்லை.

மகள் வாரம் ஒருமுறை வந்தாள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் இளைத்து வந்தாள். பேசுவதெல்லாம் ஒரே பேச்சு, அந்த இரண்டு அழைப்புகள். அதைப் படமாக எடுத்துப் போனில் வைத்திருந்தாள். வார்டில் வயதான பெண் யாராவது முதுகு வலி என்று சொன்னால் கை நடுங்குகிறது, ஊசி போட முடியவில்லை என்றாள். எனக்கு அது காதில் விழுந்தது. ஒரு வார்த்தையில் அதை நிறுத்த என்னால் முடியும் என்பதும் தெரிந்தது. தெரிந்தும் உட்கார்ந்திருந்தேன். மகள் என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடும் என்ற பயம்தான். அந்த மூன்று மாதத்தில் எனக்கு மிஞ்சியிருந்த ஒரே உணர்ச்சி அதுவாக இருந்திருக்க வேண்டும்.

மூன்றாம் மாதம் கும்பிடுவதற்காக ஒரு சனிக்கிழமை வந்தாள். கும்பிட்டு முடித்து, படைத்த சோற்றை இருவரும் சாப்பிட்ட பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தாள். வேலையை விடுகிற கடிதம். திங்கட்கிழமை கொடுக்கப் போகிறாளாம். நான்கு வருடம் படித்து, கடன் வாங்கிப் படிக்க வைத்து, அவள் அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த வேலை. பெத்த அம்மாவுக்கு உதவாத படிப்பு எதுக்குங்கப்பா என்றாள். கடிதத்தில் சொந்தக் காரணங்களால் என்று எழுதியிருந்தது. நான் அதையே இரண்டு மூன்று தடவை வாசித்துவிட்டுத் தாளை மடித்துக் கொடுத்தேன்.

மறுநாள் ஞாயிறு காலை அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதிரே உட்கார முடியாமல் கொட்டகைக்குப் போனேன். டியூப் வாரைக் கத்தியால் அறுத்தேன். வார் இறுகி மரத்தில் கறுப்பாகத் தடம் விட்டிருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன், படம் எடுத்தேன், குழுவில் போட்டேன். தப்பு என்று எழுதிவிட்டு விரலை அப்படியே வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு, ஆறாவது ஜாயிண்டில் ஒரு நூல் இடைவெளி என்று எழுதினேன்.

தலைவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார். இடைவெளியே தெரியவில்லை, மலைக்காரரே, இந்தக் குழுவில் தப்பே இல்லாத முதல் பெட்டி உங்களுடையதுதான் என்று எழுதினார். பல் டாக்டர் அம்மா கை தட்டினார். பின்னாலேயே வரிசையாக எல்லோரும் கை தட்டினார்கள். போன் கையில் அதிர்ந்துகொண்டே இருந்தது. எனக்குக் கோபம் வந்தது. ஒரு பாவமும் அறியாத அந்த மனிதர் மேல், அவருடைய மனைவி மக்கள் மேல், கை தட்டிய ஒவ்வொரு ஆள் மேலும் கோபம். மூன்று மாதத்தில் எனக்குள் முதன்முதலாக வந்தது அதுதான். போனைக் கொட்டகையிலேயே போட்டுவிட்டு வீட்டுக்குள் வந்தேன்.

அவள் கிளம்பி நின்றாள். பையை நான் வாங்கிக்கொண்டேன். பஸ் நிறுத்தம் வரை நடக்க வேண்டும். பாதித் தூரம் போனதும் சொன்னேன்.

"அம்மா எங்கிட்டச் சொன்னா, கண்ணு."

அவள் நடந்துகொண்டே, என்ன சொன்னாங்க என்று கேட்டாள்.

"தாடை வலிக்குது, முதுகு இழுக்குதுன்னா. உனக்குப் போன் பண்றதுக்கு முன்னாலயே. நான் பெட்டிக்குப் பசை போட்டிருந்தேன். முடிச்சுட்டு வாரேன்னு சொன்னேன்."

நின்றுவிட்டாள். எவ்வளவு நேரம் என்றாள். நாற்பது நிமிடம் என்றேன். முடிச்சுட்டு வாங்க என்று அம்மாதான் சொன்னாள் என்பது தொண்டை வரை வந்தது. அது உண்மையும்கூட. வாயு என்று நினைத்தேன் என்பது வந்தது. அதுவும் உண்மைதான். இரண்டையும் சொல்லவில்லை.

அழுவாள், கத்துவாள் என்று நினைத்தேன். அவள் நர்ஸ் குரலில் பேசினாள். நாற்பது நிமிடம் முன்னால் ஊசி போட்டிருந்தால் பிழைத்திருக்கலாம், பிழைக்காமலும் போயிருக்கலாம், யாராலும் சொல்ல முடியாது என்றாள். வார்டில் எத்தனையோ குடும்பங்களுக்குச் சொல்லிப் பழகிய வார்த்தைகள். அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன். மடையன். உடம்பு லேசானது போலக்கூட இருந்தது.

பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பையை ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். அதை மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் முன் சீட்டுக் கம்பியைப் பார்த்துச் சொன்னாள்.

"அந்த நாப்பது நிமிசம் உங்களுக்குத் தெரியாம நடந்ததுங்கப்பா. இந்த மூணு மாசம் தெரிஞ்சே நடந்தது."

பஸ் போய்விட்டது. நான் நிறுத்தத்துக் கல்லில் உட்கார்ந்து அழுதேன். அவள் அம்மாவுக்காக அழுகிற அழுகை அது. நின்றபாடில்லை, சத்தம் போட்டு அழுதேன். கிழங்கு மூட்டையோடு அடுத்த பஸ்ஸுக்கு உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, பொண்ணு அடுத்த வாரம் வந்துரும், அழுவாதீங்க சாமி என்றார். தலையை ஆட்டினேன்.

திங்கட்கிழமை மதியம் மகளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. கடிதத்தைக் கொடுக்கவில்லை, வேலைக்குப் போகிறேன் என்று மட்டும் இருந்தது. எனக்குச் செய்தி அனுப்பினால் கடைசியில் சாப்பிட்டீங்களாப்பா என்று கேட்பது அவள் வழக்கம். ஹாஸ்டலுக்குப் போன நாளிலிருந்து ஒரு நாளும் தவறியதில்லை. அன்றைக்கு அதைக் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.